நிற்காத நிலம்



'நிலம்' என்னும் சொல் 'நில்' என்னும் வேரினின்று பிறந்தது என்று மொழியறிஞர் கூறுவர். நீர் ஓடும், காற்று அலையும், தீ எழுந்து அடங்கும், நிலமோ நிற்கும். அது நிற்கும் என்று நம்பியே நாம் வீடு கட்டுகிறோம், கிணறு வெட்டுகிறோம், நம்மைப் பெற்றவர்களை அதன் மடியில் துயில வைக்கிறோம். ஆயின் இவ்வுலகின் வடபகுதியில் பல இலட்சம் மக்கள் குடியிருக்கும் பரந்த நிலப்பரப்பு ஒன்று இன்று நிற்க மாட்டாமல் நெகிழ்ந்து வருகின்றது. அங்கே வீட்டுச் சுவர்கள் பிளக்கின்றன. சாலைகள் அலைபோல் வளைகின்றன. ஊர்கள் இடம் பெயர்கின்றன. மண்ணின் அடியில் பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்தது இளகத் தொடங்கியதே இதற்குக் காரணம். அந்த இளக்கம் அங்கு வாழ்வோரை மட்டுமன்று, உறைபனியையே கண்டிராத நம்மையும் தொடுகின்றது. எவ்வாறு என்பதை இத்திங்கள் சற்று விரிவாகக் காண்போம்.

உறைமண் என்பது யாது?

குளிர்நாடுகளில் மார்கழி, தை மாதங்களில் பனி பெய்து, வேனிலில் உருகி ஓடுவதை நாம் படங்களில் கண்டிருக்கிறோம். ஈண்டு நாம் குறிப்பது அப்பனியை அன்று. மண்ணுக்குள்ளேயே நிலைத்துவிட்ட உறைவை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் சுழி டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழோ இருந்துவரும் மண்ணையும் பாறையையும் அறிவியலார் 'பெர்மாஃபிராஸ்ட்' என்று அழைப்பர். நாம் அதனை உறைமண் என்போம். இரண்டு ஆண்டுகள் என்பது வரையறைக்காகக் கூறப்படும் குறைந்த அளவே. உண்மையில் அதன் பெரும்பகுதி பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்தே கிடப்பதாகும்.

வடகோளத்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட பகுதி உறைமண் மண்டலத்தில் அடங்கும். ரஷ்ய நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், கனடாவில் ஏறத்தாழப் பாதியும், அலாஸ்காவில் பெரும்பகுதியும் அத்தகையவை. திபெத்து மேட்டுநிலத்திலும் இமயத்தின் உயர்ந்த சரிவுகளிலும் உறைமண் உண்டு. சில இடங்களில் அதன் ஆழம் ஒருசில மீட்டர். வடக்குச் சைபீரியாவிலோ ஆயிரம் மீட்டருக்கும் மேல்.

இந்த ஆழத்தை மனிதன் முதலில் உணர்ந்த வரலாறு சுவையானது. சைபீரியாவில் லேனா ஆற்றங்கரையில் யாக்குத்ஸ்க் என்னும் நகர் உள்ளது. 1828-ஆம் ஆண்டையொட்டி, அங்கு வணிகக் கழகம் ஒன்றின் அலுவலராயிருந்த ஷெர்கின் என்பார் குடிநீர்க்காகக் கிணறு ஒன்று தோண்டத் தொடங்கினார். பல ஆண்டுகள் தோண்டியும் ஊற்று கிட்டவில்லை. 116 மீட்டர், அதாவது ஏறத்தாழ 380 அடி ஆழம் சென்ற பின்னும் மண் கல்லைப்போல் உறைந்தே கிடந்தது. பணி கைவிடப்பட்டது. பின்னர் 1844-இல் மிடென்டார்ஃப் என்னும் அறிஞர் அக்கிணற்றுக்குள் பல ஆழங்களில் வெப்பமானிகளைப் பொருத்தி அளந்தார். நிலம் இவ்வளவு ஆழத்திற்கு உறைந்திருக்கும் என்பதை அறிஞருலகம் ஐயமின்றி ஏற்றது அதன் பிறகே. நீருக்காக வெட்டிய கிணறு அறிவியலுக்குப் பயன்பட்டது.

உறைமண்ணின் மேலே மெல்லிய மேல்மண் ஒன்று உண்டு. ஒவ்வொரு கோடையிலும் அது சில சாண் முதல் சில அடி வரை இளகும். புல் முளைக்கும், மரம் வேர்விடும், குளிர்காலம் வந்ததும் மீண்டும் இறுகும். இம்மேல்மண்ணும், அதன்மீது படர்ந்த பாசியும், மரநிழலும் கோடை வெப்பம் கீழே இறங்காதபடி தடுக்கும் போர்வையாகும். போர்வை உள்ளவரை அடிமண் உறங்கும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பயன்படும்.

மண்ணுக்குள் ஒரு களஞ்சியம்

உயிருள்ளவை மடிந்தால் மண்ணாகும் என்பது நாம் அறிந்த நியதி. உறைமண்ணில் அந்நியதி தடைப்பட்டு நிற்கின்றது. பனியூழிக் காலத்தில் வளர்ந்த புல்லும் வேரும் இலையும் அங்கு அழுகவில்லை. ஏனெனில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் கடுங்குளிரில் செயலற்றுப் போகின்றன. 2007-ஆம் ஆண்டில் யமால் தீபகற்பத்தில் பனிமான் மேய்ப்பவர் ஒருவர், மாமத் என்னும் பண்டை யானையினத்தின் கன்று ஒன்றின் உடலைக் கண்டெடுத்தார். 'லியூபா' என்று பெயரிடப்பட்ட அக்கன்று இறந்து நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் தோலும் தசையும் சிதையாமல் இருந்தது. கொலிமா ஆற்றங்கரையில் அணில்கள் உறைமண்ணுக்குள் சேர்த்துவைத்த காய்களின் திசுவிலிருந்து ரஷ்ய அறிஞர்கள் செடிகளை வளர்த்து மலரச் செய்து, 2012-இல் அதனை வெளியிட்டனர். அக்காய்களின் அகவை ஏறத்தாழ 32,000 ஆண்டுகள்!

இவ்வாறு சேமிக்கப்பட்டவை மாமத் கன்றுகளும் மலர்க்காய்களும் மட்டுமல்ல. புல்லிலும் வேரிலும் அடங்கிய கரியும் அங்கே சேர்ந்து கிடக்கின்றது. வடக்கு உறைமண் மண்டலத்தின் மண்ணில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி டன் கரி இருப்பதாக அறிஞர் கணிக்கின்றனர். இன்று நம் காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கரியைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு.

நம் இல்லங்களில் உள்ள குளிர்சாதனப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்வரை உள்ளே வைத்த மீனும் இறைச்சியும் கெடுவதில்லை. மின்சாரம் இரண்டு நாள் நின்றுவிட்டால், கதவைத் திறக்கும் முன்பே நாற்றம் செய்தி சொல்லிவிடும். உறைமண் இளகும்போது நடப்பதும் இதுவே. உறங்கிய நுண்ணுயிர்கள் விழிக்கின்றன; பல்லாயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்த உணவை உண்ணத் தொடங்குகின்றன. மண் உலர்ந்து காற்றோட்டத்தோடு இருந்தால் அதிலிருந்து கரியமில வாயு வெளிப்படும். மண் நீரில் மூழ்கிக் காற்றின்றி இருந்தால் மீத்தேன் வாயுவும் வெளிப்படும்.

மீத்தேன் நமக்குப் புதிதன்று. சிற்றூர்களில் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்போர் அதைக்கொண்டுதான் அடுப்பு எரிக்கின்றனர். காற்றுப் புகாத தொட்டியில் சாணம் புளிக்கும்போது எழும் அதே வாயு, சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் உறைமண் இளகி உண்டான ஏரிகளின் அடியிலிருந்து குமிழியிட்டு வருகின்றது. குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்ததும் அக்குமிழிகள் பனிக்கட்டிக்குள் அடுக்கடுக்காகச் சிறைப்படுகின்றன. பனிக்கட்டியில் துளையிட்டுத் தீக்குச்சி காட்டினால் ஆளுயரத்திற்குச் சுடர் எழும். அலாஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர் கேட்டி வால்டர் ஆன்டனி பல ஆண்டுகளாக இதனை ஆராய்ந்து வருகிறார். சுடர் எழுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எரியாமல் காற்றில் கலக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் நோக்கினால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது.

எரிகிற தீயில் எண்ணெய்

நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றை மனிதர் எரிப்பதால் காற்றில் கரியமில வாயு மிகுந்து, புவி சூடேறி வருகின்றது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, 2024-இல் 420 பங்கையும் கடந்துவிட்டது. அந்த ஆண்டு, அளவீடு தொடங்கிய காலம் முதல் இதுவரை பதிவான ஆண்டுகளிலெல்லாம் மிக வெப்பமானதாகவும் அமைந்தது.

இவ்வெப்பம் எங்கும் ஒரே அளவில் ஏறுவதில்லை. வெண்பனி கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்பும். பனி உருகியபின் வெளிப்படும் கருங்கடலும் கருமண்ணும் அதனை உறிஞ்சிக்கொள்ளும். எனவே பனி குறையக் குறைய வடதுருவம் விரைந்து சூடேறுகின்றது. 1979 முதல் அப்பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டுகளில் உலகெங்கும் உறைமண்ணின் வெப்பம் சராசரியாக ஏறத்தாழ 0.3 டிகிரி உயர்ந்ததை, ஆழத்துளைகளில் எடுத்த அளவீடுகள் காட்டின.

இங்குதான் சுழல் ஒன்று உருவாகின்றது. வெப்பம் உறைமண்ணை இளக்குகிறது. இளகிய மண் வாயுவை விடுகிறது. வாயு வெப்பத்தை மேலும் கூட்டுகிறது. கூடிய வெப்பம் மேலும் மண்ணை இளக்குகிறது. எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது என்போமே, அதுபோன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு. முதல் தீயை மூட்டியவன் மனிதன். அவன் நினைத்தால் கையை நிறுத்தலாம். எண்ணெய் வார்ப்பது நிலம். அதன் கையைப் பிடித்து நிறுத்த ஒருவராலும் இயலாது. உறைமண்ணிலிருந்து ஒருமுறை வெளியேறிய கரி, நூற்றாண்டுக் கணக்கில் காத்திருந்தாலும் அங்குத் திரும்பாது என்று அறிஞர் கூறுகின்றனர்.

போர்வை விலகியபோது

இனி அங்கு வாழும் மக்களை நோக்குவோம். ரஷ்யாவின் சகா குடியரசு நம் இந்திய நாட்டினும் சற்றே சிறியது. மக்களோ ஏறத்தாழ பத்து இலட்சம் பேரே. அங்குள்ள சகா இனத்தார் உறைமண்ணைப் பகையாகக் கருதியவர் அல்லர். அதில் நிலவறை தோண்டி, இறைச்சியையும் குடிநீர்க்கான பனிக்கட்டியையும் கோடை முழுவதும் காத்தனர். பண்டைக்காலத்தில் உறைமண் இளகி ஏரியாகி, பின்பு நீர் வற்றிப் புல்வெளியான பள்ளங்களை அவர்கள் 'அலாஸ்' என்பர். அங்கேதான் குதிரையும் மாடும் மேய்த்து வாழ்ந்தனர். உறைமண் இளகுவதும் அவர்கள் அறியாததன்று. ஆயின் முன்பு அது பல நூற்றாண்டுகளில் நிகழ்ந்தது. இன்று ஒரு தலைமுறைக்குள், சாலையின் அடியிலும் வீட்டின் அடியிலும் நிகழ்கின்றது. சுராப்சா என்னும் ஊரின் பழைய விமான ஓடுபாதை மேடும் பள்ளமுமாகச் சேறாகி, 1990-களிலிருந்து பயனற்றுப்போயிற்று. யாக்குத்ஸ்க் நகரின் அடுக்குமாடிகள், கட்டடத்தின் சூடு மண்ணில் இறங்காதவாறு, தரைக்கு மேல் இடைவெளி விட்டுத் தூண்களின்மீது நிற்பவை. அத்தூண்களைப் பற்றியிருக்கும் மண் இளகினால் கட்டடம் சாயும்.

சகா குடியரசில் பத்தகாய் என்னும் ஊரருகே மாபெரும் பள்ளம் ஒன்று உள்ளது. 1960-களில் அங்குக் காடு அழிக்கப்பட்டது. மரநிழலும் பாசிப் போர்வையும் போயின. வெயில் பட்ட மண் இளகிச் சரிந்தது, சரிவு புதிய மண்ணை வெயிலுக்குக் காட்டியது, அதுவும் சரிந்தது. இன்று அப்பள்ளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகன்று, அதன் சுவர்கள் ஐம்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்து இலட்சம் கனமீட்டர் அளவு அது பெருகி வருவதாக 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. ஆறு இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மண் அதன் அடியில் வெளிப்பட்டுள்ளது.

2016-ஆம் ஆண்டுக் கோடையில் யமால் தீபகற்பத்தில் கடும் வெப்பம் நிலவியது. அப்போது அடைப்பான் நோய் திடீரெனத் தோன்றி இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பனிமான்களைக் கொன்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் மாண்டான். அப்பகுதியில் அந்நோய் 1941-க்குப் பின் தலைகாட்டியதே இல்லை. முன்பு அந்நோயால் மடிந்த விலங்குகளோடு மண்ணில் உறைந்து கிடந்த கிருமி, மண் இளகியபோது வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. நோய்தான் ஒழிந்துவிட்டதே என்று பனிமான்களுக்குத் தடுப்பூசி போடுவது 2007-இல் நிறுத்தப்பட்டிருந்ததையும் இங்குச் சேர்த்து நோக்க வேண்டும். நாரில்ஸ்க் நகரருகே 2020 மே 29-ஆம் நாள் மின்நிலையம் ஒன்றின் எண்ணெய்க் கொள்கலம் அடித்தளம் நெகிழ்ந்து உடைந்தது. ஏறத்தாழ 21,000 டன் டீசல் கொட்டி மண்ணையும் ஆற்றையும் மாசாக்கியது. உறைமண் இளகியதே காரணம் என்றது நிறுவனம். ஆனால் நிலம் மாறி வருவதை அறிந்தவர்கள் அடித்தளத்தை அடிக்கடி சோதித்திருக்க வேண்டாமா என்னும் வினா எழாமலில்லை.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். காட்டை அழித்தது, தடுப்பூசியை நிறுத்தியது, அடித்தளத்தைக் கண்காணியாது விட்டது: மூன்றிலும் மனிதனின் கவனக்குறைவு முதலில் நடந்தது, நிலத்தின் இளக்கம் பின்னே வந்து சேர்ந்தது. புவி முழுவதற்கும் நடப்பது இதன் பெரிய வடிவமே.

எரிக்காதவர் இழந்தனர்

அலாஸ்காவின் மேற்குக் கரையில் நியூடாக் என்னும் சிற்றூர் இருந்தது. யூப்பிக் இனத்தைச் சேர்ந்த ஏறத்தாழ முந்நூற்றைம்பது பேர் அங்கு மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தனர். கரைமண் இளகியதால் நிங்லிக் ஆறு ஆண்டுதோறும் கரையைத் தின்றுகொண்டே ஊரை நெருங்கியது. குப்பைக் கிடங்கு போயிற்று, படகுத்துறை போயிற்று, வீடுகள் சாய்ந்தன. ஒன்பது மைல் தொலைவில் எரிமலைப் பாறைமீது அமைந்த மெர்டார்விக் என்னுமிடம் 2003-இல் அவர்களுக்கு மாற்று நிலமாகக் கிடைத்தது. ஆயினும் முதற் குடும்பங்கள் அங்குக் குடியேறியது 2019-இல். எஞ்சியோர் பழைய ஊரை விட்டு வெளியேறியது 2024-இல். ஒரு சிற்றூரை, அதுவும் உலகின் மிகச் செல்வமிக்க நாட்டில், ஒன்பது மைல் நகர்த்த இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இம்மக்கள் எரித்த எண்ணெய் எவ்வளவு? ஓட்டிய வண்டிகள் எத்தனை? பெருநகரங்களின் புகையோடு ஒப்பிட்டால் எண்ணத்தக்கதன்று. பிறர் மூட்டிய அடுப்பின் வெப்பம் இவர்களின் வீட்டுத் தரையை இளக்கியது. இது வெறும் வானிலைச் செய்தி அன்று. நீதியைப் பற்றிய செய்தி என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டிலும் இதன் நிழல் விழுந்துள்ளது. 2023 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, சிக்கிமில் தெற்கு லோனாக் பனியேரியின் கரையிலிருந்த உறைந்த மண்ணும் கல்லும் பெருமளவில் சரிந்து ஏரியில் வீழ்ந்தன. ஏரி உடைத்துக்கொண்டு தீஸ்தா ஆற்றில் பாய்ந்தது. சுங்தாங் என்னுமிடத்தில் கட்டப்பட்டிருந்த பெரும் அணை நொறுங்கியது. உயிர்கள் பல மாண்டன. அக்கரையின் உறைமண் வெப்பத்தால் வலுவிழந்திருந்தது என்பது பின்னர் நடந்த ஆய்வின் முடிவு.

அச்சமும் வேண்டா, அசட்டையும் வேண்டா

இச்செய்திகளைப் படிப்போர் இரு வகையாகப் பிழைபடுவதுண்டு. முதல் வகையினர், வடக்கே ஒரு வெடிகுண்டு புதைந்திருக்கிறது, நாளையோ மறுநாளோ வெடித்து உலகம் முடிந்துவிடும், இனி என்ன செய்து என்ன பயன் என்பர். இரண்டாம் வகையினர், எங்கோ ரஷ்யாவில் மண் இளகினால் நமக்கென்ன என்பர்.

முதல் வகையினர்க்கு அறிவியல் கூறும் விடை இது. களஞ்சியம் முழுவதும் ஒரே நாளில் காலியாகப் போவதில்லை. ஐ.நா. சார்ந்த பன்னாட்டுத் தட்பவெப்ப ஆய்வுக்குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புவி ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் உறைமண்ணிலிருந்து இந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,800 கோடி டன் கரி கரியமில வாயுவாக வெளிப்படலாம். குறைந்தது 300 கோடி டன்னாகவும் மிகுந்தது 4,100 கோடி டன்னாகவும் இருக்கலாம். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து மனிதர் வெளியிடும் கரியோ ஓர் ஆண்டிற்கே ஏறத்தாழ 1,000 கோடி டன். எனவே இன்றும் பெரிய தீ நாம் மூட்டும் தீயே. உறைமண் அதன்மேல் சேரும் சுமை. அச்சுமை சிறிதன்று, ஆனால் நம் முயற்சியை வீணாக்குவதும் அன்று. மேலும், வெப்பம் கூடும்போது வடநாடுகளில் புல்லும் புதரும் செழித்து ஒரு பகுதி கரியைத் திரும்ப ஈர்த்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாம் வகையினர்க்கு விடை இன்னும் எளிது. சைபீரியாவில் வெளிப்பட்ட கரியமில வாயு, ஓரிரு ஆண்டுகளில் உலகக் காற்று முழுவதும் கலந்துவிடும். அங்கு வெளிப்பட்டதற்கு அங்கு மட்டுமே வெப்பம் ஏறும் என்பதில்லை. அன்றியும் மேற்கூறிய கணக்கு, மண் மேலிருந்து கீழாக மெல்ல இளகுவதையே பெரிதும் கருதியது. பத்தகாய்ப் பள்ளம்போல் நிலம் திடீரெனச் சரிவதும், உள்ளே பனிக்கட்டி மிகுந்த மண் அமிழ்ந்து ஏரியாவதும், காட்டுத்தீ போர்வையை எரித்துவிடுவதும் அதில் முழுமையாக அடங்கவில்லை. இவையும் சேர்ந்தால் சுமை கூடும்.

ஆக, இது வெடிகுண்டும் அன்று, வெறுங்கதையும் அன்று. இது ஒரு கடன். நாம் வாங்க, நம் பேரப்பிள்ளைகள் தவணை கட்ட வேண்டிய கடன். கடனின் தன்மையை அறிந்த குடும்பத்தலைவர் எவரும் இரண்டு செயல்களைச் செய்யார்: முழுகிவிட்டோம் என்று மேலும் வாங்கமாட்டார்; நமக்கில்லை என்று கணக்கேட்டை மூடிவைக்கமாட்டார்.

என் செய்வது?

மண்ணை மீண்டும் உறைய வைக்க இயலாதா என்று சிலர் வினவலாம். சிறு அளவில் முயற்சிகள் உண்டு. 2006-இல் திறக்கப்பட்ட திபெத்து இருப்புப்பாதையின் கோல்முட்-லாசா பிரிவில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உறைமண்மீது செல்கின்றது. காற்றோட்டமுள்ள கல்லடுக்குகளின்மீது கரை எழுப்பியும், மண்ணின் சூட்டை வெளியே கடத்தும் குழாய்களை ஊன்றியும் பொறியாளர்கள் அதனைக் காத்து வருகின்றனர். சைபீரியாவில் செர்கெய் சீமோவ் என்னும் அறிஞர் 1996-இல் ஒரு காப்பகம் அமைத்து, குதிரை, காட்டெருமை முதலிய விலங்குகளை மேயவிட்டார். ஆழ்ந்த வெண்பனி குளிரைத் தடுக்கும் போர்வை. விலங்குகள் அதை மிதித்து அமுக்கினால் குளிர்காலக் குளிர் மண்ணுக்குள் நன்கு இறங்கும் என்பது அவர் கருத்து. பாராட்டத்தக்க முயற்சிகள்! ஆனால் ஓர் இருப்புப்பாதைக்கும் ஒரு காப்பகத்திற்கும் செய்ததை, இந்தியாவைப்போல் பல மடங்கு பரந்த நிலத்திற்குச் செய்ய எவராலும் இயலாது. புவி சூடேறுவதைக் குறைப்பது ஒன்றே உறைமண் முழுவதையும் காக்கும் வழி. இரண்டு டிகிரி என்பது ஒன்றரையாகக் குறைந்தால் அத்தனை மண் மேலும் உறைந்தே இருக்கும். பத்தில் ஒரு டிகிரிக்கும் இங்கு விலை உண்டு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், உறைந்து கிடக்கும் உயிர்ப்பொருள்கள் சிதைந்தால் கரியமில வாயு மேலும் பெருகும் என்பதைக் குறிப்பிட்டிருந்தார். விசுவாசத்தைப் பற்றிப் பேசும் மடலில் சைபீரிய மண்ணுக்கு என்ன வேலை என்று அன்று சிலர் வியந்தனர். நியூடாக் மக்களை அறிந்தோர் வியக்கமாட்டார்கள். ஏழையின் வீட்டுத் தரை இளகுவது அறநெறியைச் சார்ந்த செய்தி அல்லவா?

நம் பங்கு யாது? செல்வநாடுகள் நெடுங்காலமாக எரித்தவற்றை நாம் எரிக்கவில்லை. இன்றும் தலைக்குக் கணக்கிட்டால் இந்தியர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியினும் குறைவே. பெரும் பொறுப்பு பெரிதாக எரித்தோர்க்கே உரியது. இதைத் துணிந்து கூறலாம். ஆயினும் ஆண்டு மொத்தத்தில் நம் நாடு உலகில் மூன்றாம் இடத்தில் நிற்கின்றது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே கிடைக்கின்றது. ஆகவே ஆளில்லா அறையில் எரியும் விளக்கும், தேவையின்றி ஓடும் குளிரூட்டியும், ஒருவர் செல்ல ஓடும் நால்வர் வண்டியும் அத்தீக்கு இடும் சுள்ளிகளே. ஒரு சுள்ளியால் காடு எரியாது. ஆயின் சுள்ளியின்றி எத்தீயும் எரிவதில்லை. இல்லத்தில் சிக்கனம் பழகுவதோடு, கதிரவன் ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டங்களை ஆதரிப்பதும், வாக்கு கேட்டு வருவோரிடம் இதைப்பற்றி வினவுவதும், நிழல்தரும் மரங்களை வெட்டவிடாது காப்பதும் நம்மால் இயன்றவையே.

போர்வை உள்ளவரை அடிமண் உறங்கும் என்று முன்னர்க் கூறினோம். ஒரு போர்வையை விலக்கச் சிறிது நேரம் போதும். பத்தகாயில் ஒரு தலைமுறைக்குள் விலகியது. விலகியதை மீட்க நம் வாழ்நாளும் நம் பிள்ளைகள் வாழ்நாளும் போதா. இன்னும் உறைந்து கிடக்கும் மண்ணே மிகுதி. அது உறங்கட்டும். அதை எழுப்பாதிருப்பது, தூங்கும் குழந்தையின் அருகே நடப்போர் காட்டும் அளவு கவனத்தையேனும் நம்மிடம் கேட்கின்றது. அக்கவனம் நம் இல்லங்களில் தொடங்குவதாக.